பாட்டியின் பைண்டும் வெர்செய்ல்ஸ் ரோஜாவும்

வரலாற்றுத் துறை மாணவி, மூன்றாம் ஆண்டு

"கலெக்டர்ஸ் எடிஷன்" என்று ஒரு நூலைக் காட்டி நான் வீட்டில் பெருமை பேசியபோது என் பாட்டி கேட்டார்: "கலெக்டரு போட்ட புஸ்தகமாடி?" வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அன்றிரவு அந்த நூலைப் பாட்டியின் பழைய தகரப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, சிரித்தது பிழை என்று உணர்ந்தேன். சேகரித்து வைப்போருக்கென்று இன்று பெரும் பதிப்பகங்கள் எதை அச்சிட்டு விற்கின்றனவோ, அதை அந்தப் பெயர் தெரியாமலேயே பல ஆண்டுகள் தம் கையால் செய்து வந்தவர் என் பாட்டி. அவ்விரண்டையும் ஒருசேர வைத்து எண்ணியதன் விளைவே இக்கட்டுரை.

நூலும் அதன் கதையும்

சென்ற கோடை விடுமுறையில் நம் துறைப் பேராசிரியை ஒருவர் அந்நூலை எனக்கு இரவலாகத் தந்தார். "பிரெஞ்சுப் புரட்சியைத் தேர்வுக்காகப் படித்தாய், இப்படியும் ஒருமுறை படித்துப் பார்" என்றார். ஜப்பானியச் சித்திரக்கதையான 'வெர்செய்ல்ஸ் ரோஜா'வின் ஆங்கிலப் பதிப்பில் முதல் தொகுதி அது. கனடாவைச் சேர்ந்த உடான் பதிப்பகம் 2020 முதல் ஐந்து தொகுதிகளாகக் கெட்டி அட்டையிட்டு வெளியிட்டது. 500 பக்க அளவில், கையில் எடுத்தால் ஒரு செங்கல்லின் கனம்.

ஜப்பானியச் சித்திரக்கதைகளுக்கு மங்கா என்று பெயர். அவற்றுள் சிறுமியர்க்கென்றும் இளம்பெண்களுக்கென்றும் வருபவை ஷோஜோ மங்கா. இவை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டியவை. ஆங்கிலப் பதிப்பிலும் அம்முறையை அப்படியே வைத்திருக்கிறார்கள். ஆவடியிலிருந்து வரும் மின்சார ரயிலில் நான் இதைக் கடைசிப் பக்கத்திலிருந்து திறந்தபோது, எதிரில் காய்கறிக் கூடையுடன் அமர்ந்திருந்த அம்மா ஒருவர், "பின்னாடியிலேருந்து படிக்கிறியே கண்ணு, முடிவு முதல்லயே தெரிஞ்சிடாதா?" என்று கேட்டார். முடிவு எனக்கு முன்னரே தெரியும். வரலாறு படிக்கும் எவருக்கும் தெரியும். 1789 ஜூலை 14 அன்று பாஸ்டில் சிறைக்கோட்டை வீழ்ந்தது. 1793 அக்டோபர் 16 அன்று அரசி மேரி அன்டாய்னெட் கொலைக்கருவியின் கீழ்த் தலை கொடுத்தார். தெரிந்த முடிவை நோக்கி நம்மை மூச்சுப் பிடித்து ஓடவைப்பதே இந்நூலின் ஆற்றல்.

1755-ஆம் ஆண்டில் பிறந்த மூவரைக் கொண்டு கதை தொடங்குகிறது. ஒருவர் ஆஸ்திரியாவிலிருந்து 14 வயதில் பிரான்சுக்கு மணமகளாக அனுப்பப்பட்ட மேரி அன்டாய்னெட். இன்னொருவர் சுவீடன் நாட்டுப் பிரபு ஃபெர்சன். இவ்விருவரும் வரலாற்றில் வாழ்ந்தவர்கள். மூன்றாமவர் ஆஸ்கர், கற்பனைப் பாத்திரம். ஆண்வாரிசு இல்லாத தளபதி ஒருவர், தம் கடைசி மகளுக்கு ஆண்பெயர் சூட்டி, வாளும் குதிரையும் பழக்கி, அரண்மனைக் காவல்படைக்கு அனுப்புகிறார். அவளே ஆஸ்கர். அரசியைக் காக்க வந்தவள் இறுதியில் மக்கள் பக்கம் நின்று, பாஸ்டில் போரில் உயிர் விடுகிறாள்.

முதல் தொகுதி அத்தனை தூரம் செல்லவில்லை. அரண்மனைக்குள் நடக்கும் மௌனப் போரே அதன் பெரும்பகுதி. மன்னரின் ஆசைநாயகியான டுபாரி சீமாட்டியோடு இளவரசி ஒரு வார்த்தை பேசுவாரா, மாட்டாரா என்பது பிரெஞ்சு அரசவையையே கலக்கிய சிக்கல். 1772 புத்தாண்டு நாளில் இளவரசி பணிந்து ஒரு வாக்கியம் பேசினார் என்பது வரலாறு. நம் பாடநூல்களில் அடிக்குறிப்புக்கும் இடம் பெறாத இச்செய்தி இந்நூலில் பக்கம் பக்கமாக விரிகிறது. ஒரு வாக்கியத்தைப் பேசுவதற்கு ஒரு பெண் எவ்வளவு இழக்க வேண்டியிருக்கிறது என்பதை அந்தக் கண்களையும் உதடுகளையும் பார்த்தே உணர்ந்துகொள்கிறோம்.

ஓவியத்தைப் பற்றி ஒரு சொல். நாம் சிறுவயதில் பார்த்த சாகசப் படக்கதைகளில் கட்டம் கட்டமாகச் செயல் நடக்கும்: குத்து, ஓட்டம், துப்பாக்கி. ஷோஜோ பக்கத்தில் கட்டங்கள் உடைந்து கரைகின்றன. மனம் பதறும்போது சட்டம் மறைந்து பக்கம் முழுவதும் பூவும் ஒளியும் பரவுகின்றன. பேச்சு ஒரு குமிழுக்குள் இருக்க, பேசாத எண்ணம் வெளியே மிதக்கிறது. பெரிய தாளில் அச்சிட்டதன் பயன் இங்கேதான் தெரிகிறது. சிறிய நூலில் இந்தப் பக்கங்கள் மூச்சுத் திணறும்.

குறைகளும் உண்டு. அரசியின்மேல் ஆசிரியருக்கு இரக்கம் மிகுதி. ரோசலி என்னும் ஏழைப் பெண் வந்தாலும், பாரிஸ் நகரின் பசி நடனக் கூடங்களின் பளபளப்புக்கிடையே ஒடுங்கியே நிற்கிறது. ஒரு பெண் வீரமாக வாழ வேண்டுமாயின் ஆணாக வளர்க்கப்பட்டிருக்க வேண்டுமா என்ற கேள்வியும் எழாமல் இல்லை. ஆனால் அக்கேள்வியை ஆஸ்கரே பின்னர் எழுப்பிக்கொள்கிறாள் என்று முழுக்கதையும் அறிந்தவர்கள் சொல்கிறார்கள். மற்றத் தொகுதிகள் கிடைக்கும்வரை தீர்ப்பை ஒத்திவைக்கிறேன்.

மலிவுத்தாளில் பிறந்தது

இந்தக் கெட்டி அட்டையைக் கண்டு மயங்கி, இது சீமான் வீட்டுப் பொருள் என்று எண்ணிவிடக் கூடாது. 1972-இல் ஜப்பானில் 'மார்கரெட்' என்னும் சிறுமியர் வார இதழில் இக்கதை தொடங்கியது. மலிவுத்தாளில் அச்சாகி, பள்ளிப் பெண்கள் சில்லறைக் காசுக்கு வாங்கி, படித்ததும் பழைய தாளாகப் போன இதழ் அது. வாசகர் விரும்பும் தொடர்கள் அங்கே முதலில் சிறு நூல்களாக வரும். பல ஆண்டுகள் கடந்தும் வாசகர் மறவாதிருந்தால், அதன்பிறகே இத்தகைய சேகரிப்புப் பதிப்பு வரும். வாராவாரம் வாசித்த சிறுமியர் இல்லையேல் இச்செங்கல் இல்லை.

இதை எழுதி வரைந்தவர் ரியோகோ இகேடா. 1947-இல் பிறந்தவர். கல்லூரியில் படிக்கும்போதே வரையத் தொடங்கி, 1967-இல் தம் 19-ஆம் வயதில் முதல் படைப்பை வெளியிட்டார். 'வெர்செய்ல்ஸ் ரோஜா'வைத் தொடங்கியபோது வயது 24. பள்ளி நாளில் ஸ்டெஃபான் ஸ்வைக் எழுதிய மேரி அன்டாய்னெட் வரலாற்றைப் படித்ததே இக்கதைக்கு வித்து. வரலாற்றுக் கதை சிறுமியர்க்கு ஏற்குமா என்று பதிப்பாசிரியர்கள் தயங்கினார்கள். சிறுமியரோ அதைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். பெண்களே எல்லா வேடங்களும் ஏற்கும் தகராசுகா நாடகக் குழு 1974-இல் இதை மேடையேற்றியது. 2009-இல் பிரெஞ்சு அரசே இகேடாவுக்கு விருதளித்துப் பாராட்டியது. வரலாறு பெண்களுக்கு வேண்டாத பாடம் என்று இன்றும் சொல்வோர், நம் துறை வகுப்பறையில் எத்தனை பெண்கள் அமர்ந்திருக்கிறோம் என்று ஒருமுறை எட்டிப் பார்க்கட்டும்.

தகரப் பெட்டி

இனி, பாட்டியின் பெட்டி.

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் தாத்தா பணியாற்றிய நாட்களில், வார இதழ்களை நாலைந்து வீடுகள் முறை வைத்துப் படிக்கும். எல்லாரும் படித்து முடித்தபின் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பாட்டி கிழித்து எடுத்து வைப்பார். தொடர் முடிந்ததும் கோணி ஊசியால் தைத்து, மைதாப் பசை காய்ச்சி, பழைய காலண்டர் அட்டையை மேலும் கீழும் ஒட்டி, முதுகுக்குக் கிழிந்த புடவைக் கரையை வைத்துக் கட்டுவார். பாட்டியின் பேச்சில் அதற்குப் பெயர் 'பைண்டு'. இது எங்கள் வீட்டுக்கு மட்டும் உரிய கதையன்று. 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் 'பொன்னியின் செல்வன்' வந்தபோது, மணியம் அவர்களின் ஓவியங்களோடு அதை இப்படிக் கட்டி வைத்த குடும்பங்கள் தமிழகமெங்கும் உண்டு. கதை இன்று எந்தக் கடையிலும் நூலாகக் கிடைக்கும். ஆனால் அந்தப் படங்களும், பக்கத்தின் பின்புறத்தில் பாதியாய் நிற்கும் சோப்பு விளம்பரமும், வெட்டுப்பட்ட நகைச்சுவைத் துணுக்கும் பைண்டில் மட்டுமே கிடைக்கும். ஜப்பானில் பதிப்பகம் செய்த வேலையை இங்கே அடுப்படியில் பெண்கள் செய்தார்கள்.

பாட்டியின் பைண்டு ஒன்றில் இரண்டு வாரங்கள் காணாமற் போயிருந்தன. 1985-ஆம் ஆண்டு அது. பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வாங்கிய இதழைப் பார்த்து, இரண்டு அத்தியாயங்களையும் பாட்டி நோட்டுத் தாளில் மைப்பேனாவால் எழுதிச் சேர்த்தார். எழுத்தைப் பாட்டி எழுதினார். படத்திற்கு என்ன செய்வது? அப்போது 13 வயதான என் சித்தி, அந்தப் படங்களைப் பார்த்துப் பென்சிலால் வரைந்து கொடுத்தார். மூலத்தில் அழுதுகொண்டு நின்ற கதாநாயகி, சித்தியின் படத்தில் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நிற்கிறாளாம். "அழுதா மூக்கு வரைய வரல, அதான்" என்பார் சித்தி.

2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் அம்பத்தூர் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. பெட்டியிலிருந்த ஏழு பைண்டுகளில் இரண்டு ஊறிப் போயின. சித்தி வரைந்த பைண்டும் அவற்றுள் ஒன்று. மாடியில் ஒவ்வொரு தாளாகப் பிரித்து வெயிலில் காயவைத்தோம். பாட்டியின் மை எழுத்து நீலக்கறையாகக் கரைந்துவிட்டது. சித்தியின் பென்சில் கோடு கரையவில்லை. அந்தப் பெண் இன்றும் நிமிர்ந்தே நிற்கிறாள்.

சிவகாசியும் ஓர் இளவரசியும்

'வெர்செய்ல்ஸ் ரோஜா' தொடங்கிய அதே 1972-இல் சிவகாசியில் 'முத்து காமிக்ஸ்' பிறந்தது. முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி', பிரிட்டனிலிருந்து வந்த கதை. 1984-இல் 'லயன் காமிக்ஸ்' தொடங்கியபோது அதன் முதல் இதழின் தலைவி ஒரு பெண்: மாடஸ்டி பிளைசி. பீட்டர் ஓ'டானல் எழுத, ஜிம் ஹோல்டவே வரைந்து, 1963 முதல் லண்டன் நாளிதழில் வந்த கதை அது. தமிழ் வாசகர்கள் அவளை 'இளவரசி' என்றே அழைத்தார்கள். மாமா வாங்கி ஒளித்து வைத்த அந்த இதழைச் சித்தி திருடிப் படித்தாராம். "அவ யாரையும் கேக்காம கதவைத் தொறந்துகிட்டுப் போவாடி" என்று அவர் சொல்லும்போது இன்றும் குரலில் ஒரு துள்ளல்.

சேகரிப்புப் பதிப்பும் தமிழுக்குப் புதிதன்று. 'இரத்தப் படலம்' என்னும் பெல்ஜியத்துக் கதையின் 18 பாகங்களையும் 2010-இல் லயன் நிறுவனத்தார் ஒரே தடித்த நூலாக, 800 பக்கங்களுக்கு மேல், வெளியிட்டார்கள். வாசகர்கள் அதைக் கண்ணைப் போல் காத்து வருகிறார்கள். சிறு நகரம் ஒன்றிலிருந்து அரை நூற்றாண்டாகத் தமிழருக்கு உலகப் படக்கதைகளைத் தந்த அந்த உழைப்பை நான் வணங்குகிறேன். ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். மாயாவியும் இரத்தப் படலமும் ஏன், நம் இளவரசி மாடஸ்டியும்கூட, ஆண்கள் எழுதி ஆண்கள் வரைந்தவை. அவை பெரும்பாலும் பையன்களின் பைகளில் வாழ்ந்தவை. சிறுமிக்கென்று, ஒரு பெண்ணே எழுதி வரைந்த, வாராவாரம் வரும் தமிழ்ப் படக்கதையை என் சித்தியும் கண்டதில்லை, நானும் கண்டதில்லை.

1947-இல் பிறந்த இருவர்

தமிழில் வரையத் தெரிந்த பெண்கள் இல்லையா? இருந்தார்கள். 'சிறை' கதையால் புகழ்பெற்ற அனுராதா ரமணன் அவர்களை அறியாதார் இல்லை. அவர் பிறந்ததும் இகேடா பிறந்த அதே 1947-இல்தான். அவரும் முதலில் ஓவியராகவே தொடங்கினார் என்பது பலர் அறியாத செய்தி. இதழ்களில் இடம் தேடி அலைந்தபின், 1977-இல் 'மங்கை' இதழில் எழுத்தாளராக அவருக்குக் கதவு திறந்தது. நமக்கு ஒரு சிறந்த எழுத்தாளர் கிடைத்தார், மகிழ்ச்சியே. ஆனால் ஒரே ஆண்டில் பிறந்து, தூரிகையோடு புறப்பட்ட இருவரில் ஒருவருக்குச் சிறுமியர் வார இதழ் ஒன்று பக்கங்களைத் திறந்துவிட்டது. மற்றவர் தூரிகையை வைத்துவிட்டுப் பேனாவை எடுக்க வேண்டியிருந்தது.

நம் வார இதழ்களில் லட்சுமி முதலாகப் பெண்கள் பலர் எழுதிக் குவித்தார்கள். அவர்கள் கதைகளுக்குப் படம் வரைந்து புகழ் பெற்றவர்களோ பெரும்பாலும் ஆண்கள். ஜப்பானிலும் முன்பு அதே நிலைதான். ஷோஜோ கதைகளைத் தொடக்கத்தில் ஆண்களே மிகுதியும் வரைந்தார்கள். ஒசாமு தெசுகா 1953-இல் தொடங்கிய, ஆண்வேடம் பூண்ட இளவரசியின் கதை அவற்றுள் புகழ்பெற்றது. 1970-களில் இகேடா, மோட்டோ ஹகியோ, கெய்கோ தகெமியா போன்ற இளம்பெண்கள் அந்தத் துறையையே தமதாக்கிக்கொண்டார்கள். அவர்களுக்கு வானத்திலிருந்து வரம் எதுவும் இறங்கவில்லை. வாரந்தோறும் பக்கங்கள் கிடைத்தன. காத்திருக்கும் வாசகிகள் கிடைத்தார்கள். அவ்வளவே.

என் சித்திக்கு அந்தப் பக்கங்கள் கிடைக்கவில்லை. "படம் போட்டா யாரு சோறு போடுவா?" என்றார்கள். பள்ளிப் படிப்பு முடிந்ததும் தட்டச்சு வகுப்புக்குப் போனார். இன்று அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஏற்றுமதி ஆடை தைக்கும் நிறுவனம் ஒன்றில் மேற்பார்வையாளர். மார்கழியில் வாசற்கோலம் போடும்போது மட்டும் அந்தக் கை விழித்துக்கொள்ளும்.

நம்மிடம் இல்லாத கதையா?

"ஜப்பானியருக்குப் பிரெஞ்சுப் புரட்சி கிடைத்தது, நமக்கு என்ன இருக்கிறது?" என்று கேட்பாருண்டு. இராமநாதபுரம் சேதுபதி மன்னருக்கு ஒரே மகள். ஆண்வாரிசு இல்லாமையால் வாளும் சிலம்பமும் குதிரையேற்றமும் பழக்கி வளர்த்தார். 1772-இல், அதாவது டுபாரி சீமாட்டியிடம் இளவரசி மேரி ஒரு வாக்கியம் பேசிய அதே ஆண்டில், காளையார்கோவில் போரில் அவர் கணவர் முத்துவடுகநாதர் வீழ்ந்தார். மகளுடன் தப்பி, திண்டுக்கல் அருகே விருப்பாட்சியில் தங்கி, ஐதர் அலியின் துணை பெற்று, எட்டு ஆண்டுகள் காத்திருந்து, 1780-இல் சிவகங்கையை மீட்டார். வேலு நாச்சியார்! ஆஸ்கரைக் கற்பனையில் படைக்க வேண்டியிருந்தது. நம் நாச்சியாரோ இம்மண்ணில் நடந்தவர். அவரைப் பற்றி நூல்களும் நாடகங்களும் உண்டு. போர்க்களத்தில் வாளுயர்த்தி நிற்கும் படமும் சுவரெங்கும் உண்டு. அந்த எட்டு ஆண்டுகளின் இரவுகளை யார் வரைந்தார்கள்? வேற்றூரில் ஒரு தாய், வளரும் மகளுக்கு என்ன சொல்லித் தூங்கவைத்தாள்? கட்டம் உடைத்து வரைய வேண்டிய பக்கங்கள் அவை.

படக்கதை படித்தால் படிப்புக் கெடும் என்பார் சிலர். பிரெஞ்சுப் புரட்சித் தாளில் நான் பெற்ற மதிப்பெண்ணைச் சொன்னால் தற்பெருமையாகும். இந்நூலைப் படித்தபின் பாடநூலைத் திரும்ப எடுத்தேன். எது நடந்தது, எது கற்பனை என்று ஒப்பிட்டேன். தேர்வு முடிந்த பிறகும் ஒரு பாடநூலைத் திறந்தது என் வாழ்வில் அதுவே முதன்முறை. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

எட்டுப் பக்கங்கள்

ஆயிரக்கணக்கில் விலை போட்டு விற்கும் சேகரிப்புப் பதிப்பு, ஆவடியிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் பேருந்துச் சலுகை அட்டையோடு வரும் நம் போன்றோர் வாங்கக்கூடியது அன்று. ஆகவே முதல் வேண்டுகோள்: இதன் ஐந்து தொகுதிகளையும், தமிழில் வந்துள்ள தேர்ந்த சித்திரக்கதைகளையும் நம் கல்லூரி நூலகம் வாங்க வேண்டும். ஒருவர் அலமாரியில் கண்ணாடிக்குள் இருப்பதைவிட, நூறு பேர் கைபட்டு அட்டை கிழிவதே ஒரு நூலுக்குப் பெருமை. கிழிந்தால் பைண்டு போட என் பாட்டி இருக்கிறார்.

அதனினும் முதன்மையானது இரண்டாவது வேண்டுகோள். நூல் கட்டத் தெரிந்த பாட்டிகள் நம்மிடம் இருந்தார்கள். கதை எழுதத் தெரிந்த பெண்களும் இருந்தார்கள். வரைகின்ற பெண்ணுக்குப் பக்கம் தந்தவர் இல்லாததே குறை. மலிவுத்தாளில் இன்று பக்கம் தந்தால்தான் நாற்பது ஆண்டு கழித்துக் கெட்டி அட்டை போட ஏதாவது இருக்கும். ஆகவே, இந்த ஆண்டு மலரில் இனி ஆண்டுதோறும் எட்டுப் பக்கங்களை மாணவியர் எழுதி வரையும் சித்திரக்கதைக்கு ஒதுக்குமாறு மலர்க்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். வண்ணம் வேண்டா. வழவழப்புத் தாள் வேண்டா. கருப்பு மையில் எட்டுப் பக்கங்கள் போதும். தாவரவியல் பதிவேட்டில் இலையின் நரம்பைக்கூடத் தவறாமல் வரையும் தோழியர் இங்கு எத்தனை பேர்!

இரவல் நூலைத் திருப்பித் தருவதற்கு முதல் நாள் சித்தியிடம் காட்டினேன். ஆங்கிலம் படிக்கவில்லை. படங்களை மட்டும் ஒரு மணி நேரம் புரட்டிக்கொண்டிருந்தார். ஆஸ்கரின் கண்ணுக்கு அருகில் விரலை வைத்து, "இது எல்லாத்தையும் ஒரு பொம்பளையா வரைஞ்சா?" என்று கேட்டார். ஆம் என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை என் பதிவேட்டிலிருந்து இரண்டு தாள்களும், பெட்டியிலிருந்து பென்சிலும் காணாமற் போயிருந்தன. நான் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு மலர் வரும்போது நான் இக்கல்லூரியில் இருக்க மாட்டேன். ஆனாலும் ஒரு படி வாங்க வருவேன். அந்த எட்டுப் பக்கங்களையும் கிழித்துப் பாட்டியிடம் கொடுப்பேன்.